சிங்கப்பூரா, அபுதாபியா, செபாங்கா? பந்தய வார இறுதிக்குக் கிளம்பும் டெல்டாவாசிகளுக்கு ஓர் ஒப்பீடு

கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஃபார்முலா 1 பார்க்கும் கூட்டம் சில ஆண்டுகளாகவே பெருகி வருகிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதற்குப் பிறகு, அதுவரை பந்தயத்தின் பக்கமே திரும்பாதவர்களும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான். வாழ்நாளில் ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்றால் சிங்கப்பூருக்குப் போவதா, அபுதாபிக்குப் போவதா, அல்லது செலவு குறைவு என்று சொல்லப்படும் மலேசியாவின் செபாங் தடத்துக்குப் போய் மோட்டோஜிபி என்னும் பைக் உலகப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வருவதா?

உள்நாட்டில் இதற்கு இப்போது வழியில்லை. கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசத் தடத்தில் 2011 முதல் 2013 வரை மூன்று முறை ஃபார்முலா 1 நடந்தது. மூன்றையும் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். அதே தடத்துக்கு 2023 செப்டம்பரில் மோட்டோஜிபி வந்து போனது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் சென்னை கருண் சந்தோக்கும் ஃபார்முலா 1 வரை சென்ற மாநிலம் நம்முடையது. ஆனாலும் உலகப் பந்தயத்தைப் பார்க்க வேண்டுமானால் கடல் கடந்தாக வேண்டியிருக்கிறது.

மான்சா, ஸ்பா போன்ற ஐரோப்பியத் தடங்களை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஷெங்கன் விசாவுக்கு விரல்ரேகை பதியச் சென்னைக்குப் போவது, கோடைக் காலத்தில் அதற்கு நேரம் கிடைக்காமல் காத்திருப்பது, இரண்டு விமானம் மாறிச் செல்வது ஆகியவை சேர்ந்தால் அது வேறு வகையான பயணமாகிவிடும். கீழே வரும் மூன்று தடங்களுக்கும் திருச்சியில் ஏறி நான்கைந்து மணி நேரத்தில் அந்தந்த வட்டாரத்தில் இறங்கிவிடலாம்.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

பெரும்பாலோர் நுழைவுச்சீட்டின் விலையை முதலில் பார்த்து, அதைக் கொண்டே ஊரைத் தீர்மானிக்கிறார்கள். அது சரியான தொடக்கம் அன்று. பந்தய வார இறுதியில் நுழைவுச்சீட்டை விடத் தங்குமிடம் அதிகம் விழுங்கும் ஊர்கள் உண்டு. ஆகவே வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து திரும்பி வந்து சேர்வது வரையிலான மொத்தச் செலவைத்தான் முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். அதில் எல்லாவற்றையும் புரட்டிப்போடக்கூடியது, அந்த ஊரில் நம்மைத் தங்கவைக்க உறவினர் எவரேனும் இருக்கிறாரா என்பது. டெல்டாவில் இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்லும் குடும்பங்கள் குறைவு.

இரண்டாவது, கண்ணுக்கு என்ன தெரியும் என்பது. தொலைக்காட்சியில் வண்டியை முழுச் சுற்றும் பின்தொடர்கிறோம். நேரிலோ ஓரிடத்தில் அமர்ந்து, சுற்றுக்கு ஒருமுறை சில நொடிகள் மட்டும் அதைப் பார்க்கிறோம். அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது என்பதைத் தடத்தின் அமைப்பு முடிவு செய்கிறது.

மூன்றாவது, பந்தய நாள் நம் ஆண்டில் எங்கே விழுகிறது என்பது. அறுவடை, மழை, பள்ளித் தேர்வு, பண்டிகை இவற்றைப் பார்க்காமல் டிக்கெட் போட்டவர்கள் கடைசி வாரத்தில் படும் பாட்டை ஊரில் பலரும் பார்த்திருப்போம். நான்காவது ஆவணங்கள்: விசா, கடவுச்சீட்டில் உள்ள பெயர், இன்னும் சில. ஐந்தாவதாகத் தட்பவெப்பத்தையும் சொல்லலாம் என்றாலும், மே மாதத் தஞ்சாவூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூர்: மரீனா பே

ஃபார்முலா 1 வரலாற்றில் முதல் இரவுப் பந்தயம் 2008 இல் இங்கேதான் நடந்தது. நகரின் சாலைகளையே அடைத்து அமைக்கும் தடம் இது. 2023 இல் வளைவுகள் சிலவற்றை நீக்கியபின் அதன் நீளம் ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர், சுற்றுகள் 62. உள்ளூர் நேரம் இரவு 8 மணிக்கு, அதாவது நம் நேரம் மாலை ஐந்தரைக்குப் பந்தயம் தொடங்கும். 2026 நாட்காட்டியில் அக்டோபர் 9 முதல் 11 வரை இடம்பெற்றிருக்கிறது. சனிக்கிழமை குறும்பந்தயமும் உண்டு, இது சிங்கப்பூருக்கு முதன்முறை.

திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருப்பது முதல் வசதி. கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். வாடகை வண்டி வைத்துக்கொண்டாலும் சென்னைக்குப் போய் ஏறுவதைவிடக் குறைவாகவே முடியும். இறங்கியபின் வண்டிச் செலவே இல்லை என்று சொல்லலாம். தடத்தைச் சுற்றிச் சிட்டி ஹால், எஸ்பிளனேட், புரொமனேட், நிக்கல் ஹைவே என்று எம்ஆர்டி நகர ரயில் நிலையங்கள் இருக்கின்றன. பந்தய இரவுகளில் ரயில் நேரத்தை நீட்டிப்பதும் வழக்கம். பந்தயம் முடிந்து கூட்டத்தோடு நடந்து ரயிலேறி ஒரு மணி நேரத்துக்குள் படுக்கைக்குப் போய்விடக்கூடிய தடங்கள் உலகில் மிகக் குறைவு.

மறைந்திருக்கும் செலவு விடுதி. பந்தய வாரத்தில் நகர விடுதிகளின் கட்டணம் வழக்கத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் போகும். பல விடுதிகள் குறைந்தது மூன்று நான்கு இரவுகள் எடுத்தால்தான் அறை தருகின்றன. இதற்கு ஒரு காரணம் அரசின் தீர்வை. 2008 இல் இந்தப் பந்தயத்தைத் தொடங்கியபோதே, தடத்தை ஒட்டிய விடுதிகள் பந்தய நாட்களின் அறை வருவாயில் 30 விழுக்காட்டையும் மற்ற விடுதிகள் 20 விழுக்காட்டையும் அரசுக்குச் செலுத்த வேண்டும் என்று விதித்தார்கள். அந்தச் சுமை நம் தலையில்தான் இறங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிரங்கூன் சாலைப் பகுதியின் சிறிய விடுதிகளிலும் விலை ஏறும். ஆனாலும் மரீனா பக்கத்தோடு ஒப்பிட்டால் அங்கே தாக்குப்பிடிக்கலாம். சாப்பாட்டுக் கவலையும் அங்கே இல்லை.

உறவினர் இருந்தால் கணக்கே மாறிவிடும். ஆனால் எந்த உறவினர் என்பதைப் பார்க்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் குடும்பத்தோடு வசிக்கும் சித்தப்பா உங்களை நான்கு நாள் தங்கவைக்கலாம். வேலை அனுமதிச்சீட்டில் தொழிலாளர் விடுதியில் இருக்கும் அண்ணனால் அது முடியாது, விடுதி விதிகள் இடம் தரமாட்டா. நம் பக்கத்தில் ‘சிங்கப்பூரில் ஆள் இருக்கிறது’ என்று சொல்வதில் பாதி இந்த இரண்டாவது வகை.

எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் மலிவாக அறை எடுத்துக்கொண்டு தினமும் எல்லை தாண்டி வருவது என்றொரு யோசனையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பந்தயம் முடிந்து நள்ளிரவில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் நின்று, மறுகரையில் வண்டி தேடி, மறுநாள் மறுபடி வருவதில் மிச்சமாகும் பணம் தூக்கமின்மைக்கே சரியாகிவிடும். விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.

என்ன தெரியும்? உண்மையைச் சொன்னால், மலிவுச் சீட்டில் குறைவாகத்தான் தெரியும். தடம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இருக்கை இல்லாத, நடந்து திரிந்து பார்க்கும் சீட்டுகளில் நான்காம் மண்டலச் சீட்டுதான் மலிவு. அதை வைத்துக்கொண்டு வண்டிகள் நிற்கும் முதல் மண்டலத்துக்குள் போக முடியாது. நகரத் தடம் என்பதால் இருபுறமும் சுவரும் கம்பி வேலியும் இருக்கும். வேலியோரம் நல்ல இடம் பிடிக்க மாலையிலேயே போய் நின்றாக வேண்டும். முந்திச் செல்வதும் இங்கே எளிதன்று, அதனால் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவார் என்பதை முடிவு செய்யும் சனிக்கிழமைத் தகுதிச்சுற்றே பாதிப் பந்தயம். இருந்தும் இந்தத் தடத்துக்கு ஒரு குணம் உண்டு: சுவர்கள் அருகிலேயே இருப்பதால் சிறு தவறும் விபத்தாகிவிடும். 2008 முதல் 2023 வரை இங்கே நடந்த ஒவ்வொரு பந்தயத்திலும், விபத்து நேர்ந்தால் முன்னால் சென்று எல்லோர் வேகத்தையும் குறைக்கும் பாதுகாப்பு வண்டி ஒருமுறையேனும் வெளியே வந்தது. அது வராமல் முடிந்த முதல் பந்தயம் 2024 இல் நடந்ததுதான்.

மழையையும் புழுக்கத்தையும் கணக்கில் வையுங்கள். 2022 இல் மழையால் பந்தயம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத் தொடங்கியது. 2025 இல் வெப்ப ஆபத்து என்ற அதிகாரபூர்வ அறிவிப்பு ஃபார்முலா 1 இல் முதன்முறையாக இங்கேதான் வெளியிடப்பட்டது. குடை பின்னால் இருப்பவர் பார்வையை மறைக்கும். மழைச் சட்டை வாங்கிக்கொள்வது நல்லது.

விசா கட்டாயம், அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். நுழைவுச்சீட்டைப் பல மாதங்களுக்கு முன்பே வாங்கிவிடுகிறோம், விசாவோ கடைசி வாரங்களில்தான் கைக்கு வருகிறது. இடைப்பட்ட காலத்தின் ஆபத்து நம்முடையது. வருகை அட்டையை நுழைவதற்கு மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் தளம் எதுவாயினும் மூடிவிடுங்கள்.

நாள் பொருத்தம் இரு வகை. பள்ளிக் குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் காலாண்டு விடுமுறையும் ஆயுத பூசை விடுமுறையும் ஒட்டி வர வாய்ப்பு உண்டு. 2025 இல் ஆயுத பூசை அக்டோபர் 1, பந்தயம் 3 முதல் 5 வரை. சாகுபடி செய்பவருக்கோ இதைவிட மோசமான வாரம் அமையாது. குறுவை அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நெல்லைக் கொட்டிக் காயவைத்துக் காத்திருக்கும் நாட்கள் அவை. சம்பா நடவும் அதே நேரத்தில்தான்.

அபுதாபி: யாஸ் மரீனா

2009 இல் தொடங்கிய இந்தத் தடம் பெரும்பாலும் பருவத்தின் கடைசிப் பந்தயத்தை நடத்துகிறது. உள்ளூர் நேரம் மாலை 5 மணிக்குப் பகலில் தொடங்கி விளக்கொளியில் முடியும்; நமக்கு அது மாலை ஆறரை. நீளம் 5.281 கிலோமீட்டர், 58 சுற்றுகள். உலக சாம்பியன் பட்டம் இங்கே முடிவாகும் ஆண்டில் அதற்கு ஈடான அனுபவம் வேறெங்கும் இல்லை: 2021 இல் கடைசிச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனை முந்திப் பட்டம் பெற்றதும், 2025 இல் மூன்றாவதாக வந்தே லாண்டோ நோரிஸ் உலக சாம்பியன் ஆனதும் இங்கேதான். பட்டம் முன்பே முடிவாகிவிட்ட ஆண்டிலோ அது வெறும் வழியனுப்பு விழாவாகிவிடும். சீட்டு வாங்கும் நாளில் எது நேரும் என்று எவருக்கும் தெரியாது.

பார்ப்பதற்கு மூன்றில் வசதியானது இது என்பது என் கருத்து. பந்தயத்துக்கென்றே கட்டிய தடம். பார்வையாளர் அரங்குகள் உயரமானவை. வடக்கு அரங்கில் அமர்ந்தால் நீண்ட நேர்ச்சாலைக்கு முந்தைய கூர்வளைவு கண்முன் இருக்கும்; 2021 இல் தடத்தைத் திருத்தியது முந்துவதை எளிதாக்கத்தான். டிசம்பர் மாலையின் வெப்பநிலை நம் மார்கழிக் காலை அளவுக்கு இதமானது. பந்தயத்துக்குப் பின் நடக்கும் இசை நிகழ்ச்சிகளும் சீட்டிலேயே அடக்கம். அதே தீவில் ஃபெராரி வேர்ல்ட் போன்ற பொழுதுபோக்குப் பூங்காக்கள் இருப்பது குழந்தைகளுக்கு நல்லது, பணப்பைக்கு நல்லதன்று.

மறைந்திருக்கும் செலவு போக்குவரத்து. திருச்சியிலிருந்து துபாய், சார்ஜா செல்லும் விமானங்களை நம்பிப் பலர் அங்கே இறங்குகிறார்கள். துபாயிலிருந்து யாஸ் தீவுக்குக் காரில் ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். ஆனால் துபாய்–அபுதாபி பேருந்து யாஸ் தீவைத் தாண்டி நகரத்தின் மையப் பேருந்து நிலையத்துக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து தீவுக்குத் திரும்பி வர வேண்டும். இரவில் மறுபடி துபாய்க்குப் போவது இன்னும் சிரமம். ஆகவே துபாயில் கார் வைத்திருக்கும் உறவினர் இருந்தால் மட்டுமே துபாயில் தங்குவது மிச்சம். லேபர் கேம்ப்பில் இருப்பவரை நம்பித் திட்டமிடாதீர்கள். டிசம்பர் 2 அமீரகத்தின் தேசிய நாள் என்பதால் அந்த வாரம் விமானக் கட்டணமும் அறைக் கட்டணமும் சேர்ந்தே ஏறியிருக்கும்.

ஆவணத்தில் ஒரு பெரிய தடங்கல் நம்மவர்களுக்கென்றே இருக்கிறது. தந்தை பெயரை முன்னெழுத்தாக மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கத்தால், நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாகவே இருக்கும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. கடவுச்சீட்டில் பெயரைப் பிரித்துத் திருத்த வேண்டுமானால் தஞ்சாவூர் சேவை மையத்துக்கோ திருச்சி அலுவலகத்துக்கோ போய் மறுபதிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறைச் சரிபார்ப்பும் சேர்ந்தால் வாரங்கள் ஓடிவிடும். நுழைவுச்சீட்டு வாங்கியபின் இதைக் கண்டுபிடிப்பவர் நிலை பரிதாபம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உறவினருக்கு மசாலாப் பொடி, குருமாப் பொருள் கொண்டு போகும் அம்மாக்கள் பெட்டியில் கசகசா வைத்துவிட வேண்டாம். அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். விளையாட்டான விஷயம் இல்லை.

நாள் பொருத்தத்தைப் பார்த்தால், டிசம்பர் முதல் வாரம் அரையாண்டுத் தேர்வை ஒட்டி வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது ஒத்துவராது. கார்த்திகையில் மாலை போட்டிருப்பவர்களும் யோசிக்க வேண்டும். சாகுபடிக்காரருக்கு நடவும் களையெடுப்பும் முடிந்து, பயிர் நிற்கும் காலம். வடிகாலைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் இருந்தால் ஐந்து நாள் போய் வரலாம். ஆனால் புயல் பருவம் அதுவே. 2024 நவம்பர் 30 இல் ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையம் மணிக்கணக்கில் மூடப்பட்டது. சென்னை வழியாகப் போகிறவர்கள் ஒரு நாள் முன்பாகவே கிளம்புவது நல்லது.

செபாங்: இரு சக்கரத்தின் தேர்வு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். செபாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 நடந்தது, இப்போது இல்லை. இப்போது அங்கே நடப்பது மோட்டோஜிபி, அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ. கார்ப் பந்தயம்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் படிக்கலாம். ஆனால் வீட்டுக்கு வீடு பைக் நிற்கும் ஊரில் பிறந்து, வளைவில் வண்டியைச் சாய்ப்பது என்றால் என்ன என்று உடம்பாலேயே அறிந்தவர்களுக்கு இது இரண்டாந்தரத் தேர்வு என்று நான் சொல்லமாட்டேன்.

தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். ஹெர்மன் டில்கே வடிவமைத்தது. முதன்மை அரங்கு இரண்டு நீண்ட நேர்ச்சாலைகளுக்கும் நடுவில், இருபுறமும் பார்க்கும்படி கட்டப்பட்டிருக்கிறது. ஒரே சுற்றில் வண்டிகளைப் பலமுறை பார்க்க முடிவது இதனால்தான். மோட்டோஜிபியில் சனிக்கிழமைக் குறும்பந்தயம் 2023 முதல் எல்லா ஊர்களிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சிறிய எஞ்சின் பிரிவுகளான மோட்டோ3, மோட்டோ2, பிறகு மோட்டோஜிபி என்று மூன்று பந்தயங்கள் அடுத்தடுத்து நடக்கும். முந்துவதும் முந்தப்படுவதும் கார்ப் பந்தயத்தைவிடப் பன்மடங்கு. 2015 இல் ரோஸ்ஸியும் மார்க் மார்க்கெஸும் மோதிக்கொண்டது இதே தடத்தில்தான் என்பதை ரசிகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

செலவில் மற்ற இரண்டையும் இதனோடு ஒப்பிடவே முடியாது. நுழைவுச்சீட்டு ஃபார்முலா 1 சீட்டின் ஒரு சிறு பங்கு. சிங்கப்பூரில் ஓரமாக நிற்கும் பணத்துக்கு இங்கே கூரையுள்ள அரங்கில் உட்காரலாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா இல்லாத நுழைவு. 2026 டிசம்பர் 31 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மின்னணு வருகை அட்டையை மட்டும் மூன்று நாள் முன்பாக நிரப்ப வேண்டும். கோலாலம்பூரில் இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினால் இட்லியும் வாழையிலைச் சோறும் நடந்துபோகும் தூரத்தில்.

குறை போக்குவரத்தில்தான். தடம் கோலாலம்பூரிலிருந்து அறுபது கிலோமீட்டர் அளவில், சர்வதேச விமான நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. நகருக்குள் அறை எடுத்தவர்கள் ஞாயிறு மாலை நெரிசலில் சிக்கிக்கொள்வார்கள். சனி, ஞாயிறு இரவுகளுக்கு மட்டும் விமான நிலையப் பக்கத்திலோ அருகிலுள்ள நீலாய் ஊரிலோ அறை எடுத்தால் அலைச்சல் பாதியாகும். பிற்பகல் இடிமழையும் இந்தப் பருவத்தில் வழக்கம். புல்மேட்டுச் சீட்டு மலிவுதான், ஆனால் மழை பெய்தால் ஒதுங்க இடமில்லை. கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை வாங்க வேண்டாம்.

நாளில் கவனிக்க வேண்டியது தீபாவளி. 2024 இல் தீபாவளி அக்டோபர் 31, பந்தயம் நவம்பர் 3. அப்படி ஒட்டி வரும் ஆண்டில் திருச்சி விமானக் கட்டணம் எகிறிவிடும், வீட்டில் அனுமதியும் கிடைக்காது. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட உறவு விட்டுப்போகாமல் இருக்கும் குடும்பங்களுக்கோ, தீபாவளியையே அங்கே கொண்டாடிவிட்டுப் பந்தயம் பார்த்துத் திரும்ப அதுவே வாய்ப்பாகவும் அமையலாம்.

ஒரே பார்வையில்

| | சிங்கப்பூர் | அபுதாபி | செபாங் |
|---|---|---|---|
| பந்தயம் | ஃபார்முலா 1, நகரத் தடம், இரவு | ஃபார்முலா 1, தனித் தடம், அந்தி | மோட்டோஜிபி, தனித் தடம், பகல் |
| காலம் | அக்டோபர் தொடக்கம் | டிசம்பர் தொடக்கம் | அக்டோபர் இறுதி, நவம்பர் தொடக்கம் |
| நுழைவுச்சீட்டு | அதிகம் | அதிகம் | குறைவு |
| எதிர்பாராத செலவு | விடுதி | உள்ளூர்ப் போக்குவரத்து, பூங்காக்கள் | சீட்டு மலிவென்று புல்மேட்டில் அமர்ந்தால் மழை |
| விசா | தேவை | தேவை. ஒற்றைப் பெயர் சிக்கல் | 2026 இறுதி வரை தேவையில்லை |
| தடத்திலிருந்து திரும்புதல் | மிக எளிது | கார் இருந்தால் எளிது | நெரிசல் |
| பார்வை | மலிவுச் சீட்டில் குறைவு | நன்று | மிக நன்று |
| பள்ளிப் பிள்ளைகள் | ஒத்துவரும் | ஒத்துவராது | தீபாவளியைப் பொறுத்தது |

மூன்றுக்கும் பொதுவான கசிவுகள்

கடன் அட்டையில் அயல்நாட்டுப் பணத்தில் செலுத்தும்போது வங்கி 3.5 விழுக்காடு வரை கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அதன் மேல் ஜிஎஸ்டியும் உண்டு. கடையில் ‘ரூபாயில் செலுத்துகிறீர்களா’ என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, உள்ளூர்ப் பணத்திலேயே செலுத்துங்கள். ரூபாய்க்கு மாற்றும் விகிதத்தில் இன்னொரு இழப்பு ஒளிந்திருக்கும். சுற்றுலா நிறுவனத்தின் மொத்தத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்னும் வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும் பணம் மாதக்கணக்கில் முடங்கும். வரிக் கணக்கே தாக்கல் செய்யாத வீடுகளில் அது போனதுதான். மலிவு விமானங்களில் பெட்டிக்குத் தனிக் கட்டணம். வீட்டிலிருந்து முறுக்கும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கும் பழக்கமுள்ளவர்கள் இருபது கிலோவை முன்பே சேர்த்துக்கொள்வது விமான நிலையத்தில் கட்டுவதைவிடக் குறைவு.

பந்தயம் ரத்தானால் நுழைவுச்சீட்டுப் பணம் திரும்பக்கூடும். விமானமும் விடுதியும் தனித்தனி விதிகளுக்கு உட்பட்டவை. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோவிட்டால் சிங்கப்பூர்ப் பந்தயம் நடக்கவே இல்லை. ஆகவே விடுதியை மட்டுமாவது ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். கடவுச்சீட்டு பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் பலரின் கடவுச்சீட்டில் ஈசிஆர், அதாவது வேலைக்குக் குடிபெயரும் முன் அனுமதி பெற வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். சிங்கப்பூருக்கு அது பொருட்டன்று. அமீரகமும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் உள்ள நாடுகள். சுற்றுலாவாகப் போகிறவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்றாலும், வேலைக்குப் போகிறாரோ என்ற ஐயத்தில் விமான நிலையத்தில் கேள்விகள் வரும். திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு, பந்தய நுழைவுச்சீட்டு மூன்றையும் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொண்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.

யாருக்கு எது

சிங்கப்பூரில் சொந்த வீட்டில் வசிக்கும் உறவினர் உள்ளவர் வேறெதையும் யோசிக்க வேண்டாம். விடுதிச் செலவு விழுந்துவிட்டால், மிச்சமாகும் பணத்தில் நடைச்சீட்டுக்குப் பதிலாக அரங்கில் இருக்கையே வாங்கிவிடலாம். அப்படி உறவினர் இல்லாமல் விடுதியில்தான் தங்க வேண்டும், ஃபார்முலா 1 தான் பார்க்க வேண்டும், நன்றாகவும் தெரிய வேண்டும் என்பவருக்கு அபுதாபி மேல்; பள்ளி வயதுப் பிள்ளைகள் இல்லாத தம்பதிகளுக்கும் நண்பர் கூட்டத்துக்கும் அது பொருந்தும். அவர்கள் டிக்கெட்டுக்கு முன் கடவுச்சீட்டின் பெயர்ப் பக்கத்தைத் திறந்து பார்க்கட்டும்.

சொந்தச் சாகுபடி உள்ளவருக்குப் பணம் வரும் காலமும் ஒரு கணக்கு. சம்பா நெல்லைப் போட்டுப் பணம் வங்கிக்கு வருவது பிப்ரவரி, மார்ச்சில். ஆண்டுத் தொடக்கத்தில் சலுகை விலையில் விற்கும் சீட்டுகளுக்கு அது பொருந்துகிறது. ஆனால் அக்டோபரில் நிலத்தை விட்டு அவர் நகர முடியாது என்பதால், அவருக்கும் அபுதாபியே கைகொடுக்கும், வடிகாலுக்கு ஆள் இருக்கும் பட்சத்தில்.

முதன்முறை கடல் கடப்பவர், கையில் குறைந்த பணம் வைத்திருப்பவர், விசா மறுப்பு பயம் உள்ளவர், பைக் ஓட்டுவதில் உயிரை வைத்திருப்பவர் ஆகிய நால்வருக்கும் செபாங். சிங்கப்பூரின் மலிவுச் சீட்டுக்கும் செபாங்கின் நல்ல சீட்டுக்கும் இடையில் தடுமாறுகிறவரையும் நான் செபாங் பக்கமே தள்ளுவேன்.

இத்தனைக்கும் பிறகு, நாள் முழுக்க வெயிலிலும் இரைச்சலிலும் உட்கார்ந்து பந்தயம் பார்ப்பது தனக்குப் பிடிக்குமா என்றே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எந்த டிக்கெட்டும் போடும் முன், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் தேசியப் பந்தயம் நடக்கும் ஒரு வார இறுதிக்கு, காதடைப்பானும் தண்ணீர்ப் புட்டியுமாகப் போய் உட்கார்ந்துவிட்டு வரட்டும். மயிலாடுதுறையிலிருந்து அது ஓர் இரவு ரயில் தூரம்தான்.